96 யுவான் வண்டி

ஒரு நாளைக்குப் பத்துக் காசு மிச்சம் பிடித்தால் 100 யுவான் சேர 1000 நாள் ஆகும். சீன எழுத்தாளர் லாவோ ஷே எழுதிய ‘ஒட்டக ஷியாங்ஸி’ நாவலின் முதல் அத்தியாயத்திலேயே இந்தக் கணக்கு வந்துவிடுகிறது. பெற்றோரும் நிலமும் போன பின் 18 வயதில் பெய்ஜிங் நகரத்துக்கு வந்த ஷியாங்ஸி, வாடகைக் கை ரிக்‌ஷா இழுத்துக்கொண்டே மனசுக்குள் போடும் கணக்கு அது. ஆயிரம் நாளை ஒன்றாகக் குவித்தால் எவ்வளவு நீளும் என்று அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் சேர்க்கிறான். குடி கிடையாது, சூது கிடையாது, புகை கிடையாது. யாரோ சொல்லிச் செய்யவைத்து, எடுக்க வராமல் போன வண்டி ஒன்று கடையில் நிற்கிறது. நூற்றுக்கு மேல் சொன்ன விலையைப் பேரம் பேசி 96 யுவானுக்கு இறக்குகிறான். ஸ்பிரிங் அவ்வளவு மெத்து, கைத்தண்டு வரை மெல்ல அதிர்கிறது. பெட்டி பளபளக்கிறது, மெத்தை வெள்ளை வெளேர். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓர் ஒதுக்குப்புறத்துக்குப் போய் உட்கார்ந்து பார்க்கிறான். தனக்கு 22 வயது என்பது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. பிறந்த தேதி தெரியாது. சரி, இன்றைக்கே இருக்கட்டும், எனக்கும் வண்டிக்கும் சேர்த்து என்று முடிவு செய்கிறான். இரண்டே வருஷத்தில் இன்னொரு வண்டி, அப்புறம் இன்னொன்று, அப்புறம் சொந்த வண்டிக் கொட்டகை.

அவன் பெயரில் உள்ள ‘ஷியாங்’ என்ற எழுத்துக்கு ‘மங்களம்’ என்று பொருள்.

நாவலை முடித்தவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: தாங்க முடியவில்லை. ஒரு மனிதனுக்கு இத்தனை கெட்டது வரிசைகட்டி வருமா, ஆசிரியருக்கு அவன் மேல் என்ன கோபம், எங்கேயாவது ஒரு கீற்று வெளிச்சம் விட்டிருக்கக் கூடாதா? நாவலுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, புகார் அப்படியே இருக்கிறது. இந்தப் புகார் வாசகர்களின் வாயோடு நிற்கவில்லை என்பதுதான் இந்த நாவலின் விசேஷம். அது புத்தகத்துக்குள்ளேயே நுழைந்து முடிவை இரண்டு தடவை மாற்றியது. அந்தக் கதைக்குப் போகுமுன், ‘துரதிர்ஷ்டம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சீனாவில் ஏழாம் வகுப்பு இரண்டாம் பருவத்துப் பாடநூல் இந்த நாவலை முழுதாகப் படிக்கச் சொல்கிறது. முக்கியமான இடத்தை வட்டமிட்டு ஓரத்தில் குறிப்பு எழுதிப் படிக்கும் முறையைப் பழக்க இதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்வது ‘மூன்று ஏற்றம், மூன்று இறக்கம்’ என்ற சூத்திரத்தை. வண்டி வாங்கினான், போனது. பணம் சேர்த்தான், போனது. மறுபடி வண்டி, மறுபடி போனது. தேர்வுக்குச் சரி. ஆனால் இப்படிச் சுருக்கினால் ராட்டினம் மாதிரித்தான் தோன்றும், மேலே போனவன் கீழே வந்தான் என்று. கையில் பென்சிலோடு பணத்தைத் தொடர்ந்து போனால் கிடைப்பது வேறு.

முதல் வண்டி முழுக்க முழுக்க அவன் வியர்வை. அது போனது எப்படி? நகரத்துக்கு வெளியே படைகள் நடமாடுகின்றன என்ற வதந்தி. நகரத்துக்கு வெளியே இருக்கும் ச்சிங்ஹுவா வரை போக 2 யுவான் தருகிறோம் என்கிறார்கள். மற்றவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தொகைக்காக இவன் துணிந்து போகிறான். படைவீரர்கள் ஆளையும் வண்டியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆக, வானத்திலிருந்து இடி விழவில்லை. இக்கட்டில் கூலி ஏறும், இல்லாதவன்தான் அந்தக் கூலிக்குப் போவான், போகிறவனிடம் இருப்பது ஒரே ஒரு வண்டி. இருட்டில் தப்பி வரும்போது படையின் ஒட்டகங்கள் மூன்றை ஓட்டிவந்து ஒரு கிராமத்துக் கிழவரிடம் விற்கிறான். கிடைத்தது 35 யுவான். ‘ஒட்டகம்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். 96 போய் 35 வந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது முறை வண்டி வரையில்கூடப் போகவில்லை. ஒட்டகப் பணமும், த்ஸாவ் என்ற ஆசிரியர் வீட்டில் மாதச் சம்பளத்துக்கு ரிக்‌ஷா இழுத்துச் சேர்த்ததும் உண்டியலில் இருக்கின்றன. த்ஸாவைப் பற்றி அவரிடம் படித்த ருவான் மிங் என்ற மாணவன் மேலிடத்தில் போட்டுக்கொடுக்கிறான். துப்பறிவாளன் சுன் தேடி வருகிறான். முன்பு ஷியாங்ஸியைப் பிடித்துப்போன படையில் அதிகாரியாக இருந்தவன்தான் இவன். உன்னை விட்டால் குசு விட்டது மாதிரி, கொன்றால் மூட்டைப்பூச்சியை நசுக்கினது மாதிரி என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். உண்டியல் உடைகிறது. “நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?” என்று ஷியாங்ஸி அழுகிற இடம் இது.

மூன்றாவது முறை வந்த வண்டி அவன் மனைவி ஹூநியூவின் பணத்தில் வாங்கியது. அதையும் புதிதாக வாங்கவில்லை. அர் ச்சியாங்ஸி என்ற இன்னொரு ரிக்‌ஷாக்காரர், தன் 19 வயது மகள் ஷியாவ் ஃபூஸியை ஒரு படை அதிகாரிக்கு 200 யுவானுக்கு விற்று, அந்தக் காசில் வாங்கிய வண்டி. குடித்துவிட்டு மனைவியை அடித்துக் கொன்ற பிறகு அவரே அதை விற்க வேண்டி வருகிறது. அந்தச் சரித்திரத்தோடுதான் வண்டி ஷியாங்ஸியின் கைக்கு வருகிறது. கடைசியில் ஹூநியூவைப் புதைக்கும் செலவுக்குப் போகிறது.

ஆக, ஏற்றம் ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குட்டை. முதலில் முழுக்கச் சொந்த உழைப்பு. அடுத்ததில் ஓட்டிவந்த ஒட்டகத்தின் காசும் கலந்தது. மூன்றாவது இன்னொருத்தி போட்ட முதல். வண்டி கைக்கு வர வர அது ‘தன்னுடையது’ என்ற உணர்வு தேய்கிறது. நான்காவது முயற்சி இல்லாமல் போவதற்குக் காரணம் அவன் சோம்பேறி ஆனது மட்டுமல்ல, வாங்க வேண்டும் என்ற எண்ணத்தில் அவனுடையது என்று எதுவும் மிச்சம் இல்லை. லாவோ ஷே இதை எங்கேயும் பிரசங்கம் பண்ணுவதில்லை. தொகைகளை வரிசையாக வைத்துவிட்டுப் போகிறார்.

அடுத்த புகார்: அவன் ஒரு முட்டாள். இது பாதி நியாயம். த்ஸாவ் வீட்டில் வேலை செய்யும் காவ் மா என்ற அம்மாள் கெட்டிக்காரி, சின்னச் சின்னத் தொகைகளை வட்டிக்கு விடுகிறவள். அவள் சொல்லும் யோசனைகளில் ஒன்று நமக்கு நன்றாகவே தெரிந்தது: சீட்டுக் கட்டு. ஆளுக்கு 2 யுவான், முதல் சீட்டை நீயே எடுத்துக்கொள், 40 யுவான் சுளையாகக் கைக்கு வரும், இருப்பதோடு சேர்த்து வண்டி வாங்கு. ஷியாங்ஸி மறுத்துவிடுகிறான். சேமிப்புக் கணக்கும் வேண்டாம். வெள்ளை வெளேரென்ற நாணயங்களை எண்ணிக் கொடுத்துவிட்டு நாலு கிறுக்கல் போட்ட காகிதத்தை வாங்கிவருவதா என்பது அவன் சந்தேகம். பணத்தைப் போட்டிருந்தால் சுன் உண்டியலை உடைத்திருக்க முடியாது என்பது உண்மைதான். வாசகர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் இடம் இது. ஆனால் சீட்டு விஷயத்தில் அவன் பயம் அசட்டுத்தனம் இல்லை. அன்றாடங்காய்ச்சி முதல் சீட்டை எடுத்தால், மிச்ச மாதங்கள் முழுக்கக் கடன்காரன். ஒரு காய்ச்சல், ஒரு சறுக்கல், தவணை நின்றுபோகும். அந்த வீட்டிலேயே ஒரு ராத்திரி தெருவில் கொட்டிக்கிடந்த கல் மேல் வண்டியை ஏற்றி, முதலாளியையும் கவிழ்த்து, வண்டியையும் உடைத்திருக்கிறான். சறுக்கல் எவ்வளவு சுலபம் என்று அவனுக்குத் தெரியும்.

ஹூநியூவுக்கு வருவோம். வாசகர்களின் வசவில் பெரும்பங்கு இவளுக்குத்தான். வயது முப்பத்தேழு முப்பத்தெட்டு, அறுபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் உள்ள ரென்ஹே கொட்டகையின் சொந்தக்காரர் லியூவின் ஒரே மகள். ஷியாங்ஸிக்குச் சாராயம் ஊற்றிக் கொடுத்து வசப்படுத்துகிறாள், வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு கர்ப்பம் என்று மிரட்டிக் கல்யாணத்துக்கு இழுக்கிறாள். தோற்றத்தை வர்ணிக்கும்போது ஆசிரியரும் அவளிடம் கருணை காட்டவில்லை. அந்த வர்ணனையில் இன்றைக்குப் படிக்கையில் முகம் சுளிக்கவைக்கும் வரிகள் உண்டு, அதை மழுப்ப வேண்டியதில்லை. அதே ஆசிரியர் இன்னொன்றையும் எழுதி வைத்திருக்கிறார்: கொட்டகையின் கணக்குவழக்கு அத்தனையும் அவள் கையில் ஓடியதால்தான் அப்பன் அவளைக் கட்டிக்கொடுக்காமலே வைத்திருந்தான். சம்பளம் இல்லாத மேலாளர். 1982-இல் லிங் ட்ஸுஃபெங் எடுத்த படத்தில் ஸிச்சின் காவ்வா இந்தப் பாத்திரத்தில் நடித்த பிறகு பலர் அவளை வேறு கண்ணோடு பார்த்தார்கள்.

அவள் சாவை மெதுவாகப் படிக்க வேண்டும். நாவலின் நடு நரம்பு அங்கேதான் ஓடுகிறது. பிரசவம் சிக்கலாகிறது. மருத்துவர் விவரம் விசாரிக்கிறார்கள். வந்து பார்த்துவிட்டுப் போக 10 யுவான், பிரசவம் பார்க்க அது சேராது. பிரசவம் பார்த்தால் 20. சிக்கல் என்றால் மருத்துவமனை, அதற்குப் பல பத்து யுவான் ஆகும். கையில் அது இல்லை. அதற்குள் தவளைச் சாமி ஆடுகிற ஒரு கிழவி வந்து காசும் பறித்துப்போயிருக்கிறாள். நடுராத்திரியில் வயிற்றுப் பிள்ளையோடு ஹூநியூ சாகிறாள். இங்கே லாவோ ஷே ஒரே ஒரு வரியில் தன் குரலில் பேசுகிறார்: மடமையும் குரூரமும் இங்கே காணப்படுகிறவை, மடமைக்கும் குரூரத்துக்கும் காரணம் வேறு. வாசலில் நிற்கும் வண்டியை அப்போதே விற்றிருந்தால் மருத்துவச் செலவுக்கு ஆகியிருக்கும் என்று நமக்குத் தோன்றும். விற்றால் நாளைச் சோற்றுக்கு என்ன செய்வது? விற்காமல் வைத்திருந்த வண்டி பிணச்செலவுக்குப் போனது. பிரசவத்துக்கு விற்கப்படாத வண்டி சவப்பெட்டிக்கு விற்கப்படுகிறது என்பதைத்தான் ‘அளவுக்கு மீறிய சோகம்’ என்கிறார்கள். வறுமையில் செலவு எப்போதும் காலம் கடந்துதான் நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது மிகை இல்லை.

இனி, மாற்றப்பட்ட முடிவுகள்.

1945-இல் அமெரிக்காவில் ‘ரிக்‌ஷா பாய்’ என்ற பெயரில் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. மொழிபெயர்த்தவர் ஈவன் கிங், அது புனைபெயர். மாதம் ஒரு புத்தகத்தைத் தேர்ந்து உறுப்பினர்களுக்கு அனுப்பும் ‘புக் ஆஃப் த மந்த் கிளப்’ தேர்ந்தெடுத்ததால் புத்தகம் பரபரப்பாக விற்றது. ஹூநியூ செத்த பிறகு ஷியாங்ஸி சேர்ந்து வாழ விரும்பியது அர் ச்சியாங்ஸியின் மகள் ஷியாவ் ஃபூஸியோடு. சீன மூலத்தில் அவள், ‘வெள்ளை வீடு’ என்று அழைக்கப்பட்ட கீழ்மட்ட விபசார விடுதியில் விழுந்து, அங்கிருந்து தப்பிப் பக்கத்துத் தோப்பில் தூக்குப் போட்டுக்கொள்கிறாள். ஷியாங்ஸி தேடிப் போகும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஷியாங்ஸி அவளைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், இருவரும் விடுதலை, சுபம். ஆசிரியரைக் கேட்டுச் செய்த மாற்றம் அல்ல. 1946-இல் லாவோ ஷே அமெரிக்கா போனபோது அவரைத் தெரிந்தவர்கள் பலருக்கு இந்தச் சுபமுடிவு ஷியாங்ஸியைத்தான் தெரிந்திருந்தது.

கிங் ஒன்றுமில்லாததிலிருந்து அந்த முடிவைச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விதை மூலத்திலேயே இருக்கிறது. 22-ஆம் அத்தியாயத்தில் ஷியாங்ஸி மறுபடி த்ஸாவிடம் போகிறான். வேலைக்கு வா, அந்தப் பெண்ணையும் கூட்டிவா, இங்கேயே இருக்கட்டும் என்று அவர் சொல்லிவிடுகிறார். நாவலில் கதவு உண்மையாகவே திறக்கும் ஒரே இடம். அவன் ஓடிப்போய்த் தேடினால் அவள் இல்லை. அந்த நம்பிக்கையையும் கவனித்துப் பார்த்தால், ஒரு நல்ல மனிதர் வீட்டின் வேலைக்காரர் அறைதான் அது. அறுபதாயிரம் பேர் அளவுக்கு ரிக்‌ஷா இழுத்த 1920-களின் பெய்ஜிங்கில் எத்தனை த்ஸாவ்கள் கிடைப்பார்கள்? கிங்கின் முடிவு இந்தக் கேள்வியை ஓரம்கட்டிவிட்டது. நாவல் ஒரு காதல் கதையாகிவிட்டது.

இரண்டாவது மாற்றத்தைச் செய்தவர் ஆசிரியரே. 1955-இல் மக்கள் இலக்கியப் பதிப்பகம் கொண்டுவந்த திருத்தப் பதிப்பில் 23-ஆம் அத்தியாயத்தின் பின்பாதியும் 24 முழுவதும் இல்லை. அதற்கு 1954-இல் எழுதிய பின்னுரையில் அவர் ஒரு வாசகப் புகாரைப் பதிவு செய்கிறார். புத்தகம் வந்த கொஞ்ச காலத்திலேயே உழைப்பாளிகள் சிலர் கேட்டார்களாம்: இந்தப் புத்தகம் சொல்கிறபடி பார்த்தால் எங்கள் பாடு ரொம்பக் கஷ்டம், எங்களுக்கு நம்பிக்கையே இல்லையே! அது தன்னை மிகவும் வெட்கப்படவைத்தது என்கிறார். அவர்களுக்கு ஒரு வழியைக் காட்டாமல் விட்டேன், அன்றைய தணிக்கைக்குப் பயந்து ஏழைகள் கலகம் செய்ய வேண்டும் என்று சொல்லத் துணியவில்லை என்றும் எழுதுகிறார். இது கம்யூனிஸ்ட் ஆட்சியில், 1954-இல், சொல்லியாக வேண்டிய பேச்சு என்பது ஒரு பக்கம். ஆனால் அந்தக் கேள்வி நியூயார்க் வாசகரின் ‘அய்யோ பாவம்’ இல்லை. கதையில் இருக்கும் ஆட்களே எழுந்து நின்று கேட்கிற கேள்வி, அதற்கு எடை அதிகம்.

ஆனாலும் வெட்டியது நஷ்டம்தான். காரணம் ஒரு சின்ன ஒப்பீட்டில் இருக்கிறது. சுன் பணத்தைப் பறித்த ராத்திரி, த்ஸாவ் வீடு காலியாகக் கிடக்கிறது. எதையாவது எடுத்துக்கொண்டு போகலாமா என்று ஷியாங்ஸி நினைக்கிறான். பட்டினி கிடந்தாலும் திருடக் கூடாது என்று விட்டுவிடுகிறான். 24-ஆம் அத்தியாயத்தில் இதே ஆள் காசுக்காக ருவான் மிங்கைக் காட்டிக்கொடுக்கிறான், ருவான் மிங் ஊர்வலமாகக் கொண்டுபோகப்பட்டுச் சுடப்படுகிறான். முதல் காட்சியை வைத்துக்கொண்டு இரண்டாவதை எடுத்துவிட்டால், ஏழ்மையில் துன்பப்பட்ட நல்லவன் என்ற சித்திரம்தான் மிஞ்சும். ஏழ்மை நல்லவனை என்ன செய்யும் என்பது போய்விடும். வாசகர்கள் மன்னிக்க மறுப்பது அவன் சாவை அல்ல, அவன் சாகவே இல்லை. அவன் அயோக்கியன் ஆவதைத்தான். புத்தகம் சொல்ல வந்ததும் அதையே.

கடைசி வாக்கியத்தைப் பற்றித் தகராறு தனி. கண்ணியமானவன், முன்னேறத் துடித்தவன், கனவு கண்டவன், தன்னலக்காரன், திடகாத்திரன், மகத்தானவன் என்று அடைமொழிகளை அடுக்கிக்கொண்டு போய், தனிமனிதவாதத்தின் முட்டுச்சந்தில் நிற்கும் பேய் என்று முடிக்கிறார். இருபத்துமூன்று அத்தியாயம் ஊரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுக் கடைசியில் அவனையே திட்டுவதா என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. என் கணக்கில் அது நாவலின் மிகச் சத்தமான வாக்கியம், மிகச் சரியான வாக்கியம் அல்ல. அதையே பேரனைப் பறிகொடுத்த கிழவர் மா 23-ஆம் அத்தியாயத்தில் அடக்கமாகச் சொல்லிவிடுகிறார்: ஒற்றை வெட்டுக்கிளி எவ்வளவு குதித்தாலும் ஒரு பிள்ளை பிடித்து நூலில் கட்டிவிட்டால் பறக்கக்கூட முடியாது, கூட்டமாக வந்தால் வயலையே தின்றுவிடும், யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இதே கிழவரும் பேரனும் 10-ஆம் அத்தியாயத்தில் குளிரில் விறைத்துப்போய் டீக்கடைக்குள் வருகிறார்கள். ஷியாங்ஸி ஓடிப்போய் ஆட்டுக்கறி வைத்த பன் பத்து வாங்கிவந்து கொடுக்கிறான். கிழவரிடம் இருப்பது சொந்த வண்டி. வாழ்நாள் லட்சியத்தை அடைந்த ஒருவரின் வயதான கோலத்தை அவன் அங்கேயே பார்த்துவிடுகிறான்.

முடிவு அவசரமாக இருக்கிறது என்ற புகார் மட்டும் முழு உண்மை, ஆசிரியரே ஒப்புக்கொண்டது. 1936 வசந்தத்தில் ஒரு நண்பர் பேச்சுவாக்கில் இரண்டு ரிக்‌ஷாக்காரர்களைப் பற்றிச் சொன்னார்: ஒருவர் மூன்று முறை வண்டி வாங்கி மூன்று முறையும் விற்று ஏழையாகவே நின்றவர், இன்னொருவர் படையிடம் சிக்கி மூன்று ஒட்டகத்தோடு திரும்பியவர். லாவோ ஷே ஷாண்டோங் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டுச் சிங்டாவ் நகரில் உட்கார்ந்து எழுதினார். அந்த ஆண்டு செப்டம்பரில் ‘யூஜோவ் ஃபெங்’ இதழில் தொடராக வரத் தொடங்கியது. தொடர் என்பதால் கச்சிதமாக 24 பகுதியில் முடிக்க வேண்டியிருந்தது, இன்னும் இரண்டு மூன்று பகுதி எழுதியிருந்தால்தான் நிதானமாக நிறுத்தியிருக்க முடியும் என்று பிற்பாடு எழுதினார். 22-இலிருந்து நடை ஓடத் தொடங்குவதற்கு இதுதான் காரணம். 1966-இல் கலாசாரப் புரட்சியின் இளைஞர் படையான செங்காவலர்களிடம் அடிபட்டு, மறுநாள் ஏரியில் உயிர்விட்ட ஆசிரியரின் முடிவை இந்த நாவலின் இருட்டோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அது பின்னோக்கிப் படிப்பது. எழுதியபோது அவருக்கு முப்பத்தேழு வயது, முழுநேர எழுத்தாளரான உற்சாகம். தன் படைப்புகளில் தனக்கு மிகவும் திருப்தி தந்தது இதுதான் என்றவர்.

வாங்குமுன் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது. இந்த நாவலுக்கு மட்டும் அதில் பாவமில்லை. ஷியாங்ஸி ஷியாவ் ஃபூஸியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அது 1945 சரக்கு. 24-ஆம் அத்தியாயம் இல்லாவிட்டால் 1955 வெட்டு. ஆங்கிலத்தில் ஜீன் ஜேம்ஸ் 1979-இலும் ஹவர்ட் கோல்ட்பிளாட் 2010-இலும் செய்தவை மூல முடிவோடு இருப்பவை. இடையில் அலுத்துப்போகிறவர்கள் 18-ஆம் அத்தியாயம் வரையாவது தாக்குப்பிடிக்க வேண்டும். ஒரே நாளில் அனலும் அடைமழையும் ஒரு ரிக்‌ஷாக்காரனின் உடம்பில் என்ன செய்கின்றன என்பதை அவ்வளவு நெருக்கமாக எழுதியவர்கள் அரிது. மழை பணக்காரனுக்கும் பெய்கிறது ஏழைக்கும் பெய்கிறது, ஆனால் மழை நியாயமானது இல்லை, ஏனென்றால் அது நியாயம் இல்லாத உலகத்தில் விழுகிறது என்று அங்கேதான் வரும்.

சரியான பதிப்பு என்றால் கடைசிப் பக்கத்தில் ஒரு சவ ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும். கூலிக்குக் கொடி பிடித்தபடி ஷியாங்ஸி பின்தங்கி நடக்கிறான், பொறுக்கத் தகுந்த சிகரெட் துண்டு ஏதாவது கிடக்கிறதா என்று தரையைப் பார்த்துக்கொண்டு.